தீனியும் பெயரும்: இந்திய வீடுகளில் வாத்து

வங்க மொழிக் கதைகளில் அடிக்கடி எதிர்ப்படும் காட்சி ஒன்றுண்டு. அந்தி சாயும் வேளையில் வீட்டுப் பெண் குளக்கரையில் நின்று நீரில் மிதக்கும் பறவைகளைக் கூவி அழைக்கிறாள். அவை வரிசையாகக் கரையேறி முற்றம் வந்து சேர்கின்றன. மூலத்தில் அப்பறவையின் பெயர் 'ஹான்ஸ்' என்பது. (இங்கு னகர மெய், உயிரின் மூக்கொலிச் சாயலை மட்டுமே குறிக்கும்.) இச்சொல் வடமொழி 'ஹம்ச' என்பதன் நேர் வழித்தோன்றல். அகராதியைப் புரட்டும் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு 'அன்னம்' என்ற பொருள் முதலில் கிடைக்கிறது. அதனை ஏற்றால் ஏழைக் குடியானவள் வீட்டு முற்றத்தில் நளன் காலத்து அன்னங்கள் வந்து நின்றுவிடுகின்றன. 'வாத்து' என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் எப்போதும் சரியாகாது.

இச்சிக்கலை அகராதி தீர்ப்பதில்லை. அப்பறவை என்ன தின்கிறது, யார் கையால் தின்கிறது, இரவில் எங்கே அடைகிறது என்பனவே தீர்க்கின்றன. வீட்டு வாத்தின் தீனியும் பராமரிப்பும் பறவையியலாருக்கும் கால்நடைத் துறையினருக்கும் உரிய செய்திகள் என்று மொழியியலார் ஒதுக்கிவிடுவது வழக்கம். வாத்தைக் குறிக்கும் இந்தியச் சொற்களின் வரலாற்றை அச்செய்திகளோடு சேர்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அன்னம் எந்தப் பறவை?

வடமொழி 'ஹம்ச', இலத்தீன் 'ஆன்சர்', செருமானிய 'கான்ஸ்', ஆங்கில 'கூஸ்' ஆகியவை ஒரே மூல வடிவத்திலிருந்து கிளைத்தவை. ஐரோப்பிய மொழிகள் பெரும்பாலானவற்றில் அது குறிப்பது புல் மேயும், நீண்ட கழுத்துடைய, வாத்தினும் பெரிய பறவையை. தமிழில் 'பெருந்தாரா' எனலாம். இந்தியாவில் ஆங்கிலம் வழி அச்சொல்லுக்கு 'ஸ்வான்' என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. 'ஸ்வான்' எனப்படும் வெண்ணிறப் பெரும்பறவை இத்துணைக்கண்டத்திற்கு அரிதாக வழிதவறி வருவது. ஆயிரமாண்டுக் கவிமரபுக்கு அடிப்படையாக அமையுமளவு பழக்கமானதன்று. டச்சு அறிஞர் ழான் பிலிப் ஃபோகல், இந்திய இலக்கியத்திலும் கலையிலும் ஹம்சம் பெறும் இடம் பற்றி எழுதி 1962-இல் வெளியான நூலுக்கு வைத்த தலைப்பிலேயே 'கூஸ்' என்ற சொல்லை ஆண்டார். குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து வரும், தலையில் இரு கருங்கோடுகள் கொண்ட பெருந்தாராவே ஹம்சத்திற்குப் பொருத்தமானது என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து.

ஆயினும் பழக்கம் வலியது. தாகூர் 1916-இல் வெளியிட்ட 'பலாகா' தொகுதியின் பெயர்க்கவிதை, காசுமீரத்தில் ஜீலம் ஆற்றின் மேல் பறந்து சென்ற பறவைக் கூட்டத்தைக் கண்டு எழுந்தது. 1955-இல் வெளியான அரவிந்த போசின் ஆங்கிலப் பெயர்ப்பு அத்தொகுதிக்கு 'ஸ்வான்களின் பறத்தல்' எனப் பொருள்படும் தலைப்பைச் சூட்டியது. 'பலாகா' என்ற வடமொழிச் சொல்லோ கொக்கினத்தைக் குறிப்பது. கொக்கு, பெருந்தாரா, ஸ்வான் என மூன்று பறவைகள் ஒரே தலைப்பின் மேல் வந்து அமர்ந்திருக்கின்றன. வானில் பறக்கும் பறவையைப் பொறுத்தவரை இக்குழப்பத்தால் கவிதைக்குப் பெரிய கேடில்லை. தரையில் இறங்கித் தீனி தின்னத் தொடங்கும்போதுதான் தொல்லை எழுகிறது.

மூன்று நிலப்பரப்புகள்

வீட்டு வாத்தைக் குறிக்கும் சொற்களை நோக்கின் இந்தியா மூன்று பரப்புகளாகப் பிரிகிறது. வங்கத்திலும் அசாமிலும் 'ஹம்ச' என்ற பழஞ்சொல்லே முற்றத்துப் பறவைக்கு இறங்கி வந்துள்ளது. இந்தி, மராத்தி, குசராத்தி ஆகியவற்றில் ஹம்சம் காவியத்திலேயே தங்கிவிட, முற்றத்துப் பறவைக்குப் பாரசீக-அரபு 'பட்' என்ற சொல்லின் வழிவந்த 'பத்தக்', 'பதக்', 'படக்' போன்ற வடிவங்கள் வழங்குகின்றன. ஒடியாவும் 'பதக்' என்றே வழங்குவதால் வங்கத்தின் தென்மேற்கு எல்லையிலேயே இக்கோடு விழுகிறது. தெற்கில் தமிழ் 'தாரா', மலையாளம் 'தாறாவு', சிங்களம் 'தாராவா' ஆகியவை தனியொரு தொகுதி.

கிழக்கில் மட்டும் பழஞ்சொல் தரையிறங்கியது ஏன்? வீட்டுக்கொரு குளமும் அதனைச் சூழ்ந்த நெல்வயலும் உள்ள நாட்டில் வாத்து அன்றாடப் பொருள். அன்றாடப் பொருளுக்கு வெளியிலிருந்து பெயர் வரத் தேவையில்லை. குளம் அருகிய வடமேற்கில் அது செல்வர் வீட்டுப் பறவையாகவோ சந்தைப் பறவையாகவோ இருந்திருக்கக் கூடும். அத்தகைய பொருளின் பெயர் அதனை விரும்பியவரின் மொழியிலிருந்து வருவது இயல்பு எனக் கருத இடமுண்டு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'பட்' என்பதை உலகுக்கு அளித்த பாரசீகமே இன்று வாத்தைத் துருக்கிய மொழிவழிச் சொல்லான 'உர்தக்' என்பதால் அழைக்கிறது.

கிழக்கு மொழிகள் ஒரே சொல்லால் இரு பறவைகளைக் குறிக்க நேர்ந்ததால் முன்னொட்டுகளைக் கொண்டு வேறுபடுத்தின. வாத்து 'பாத்திஹான்ஸ்', பெருந்தாரா 'ராஜ்ஹான்ஸ்'. இவற்றுள் 'பாத்தி' என்னும் ஒட்டு சிறுமையையும் சாதாரணத் தன்மையையும் காட்டுவது. சிறிய எலுமிச்சைக்கும் வங்கத்தில் அவ்வொட்டே. அசாமின் நாட்டு வாத்தினம் இன்றும் 'பாத்தி' என்றே வழங்குகிறது. பேச்சில் ஒட்டுகள் உதிர்ந்து 'ஹான்ஸ்' மட்டும் நிற்பது பெரும்பான்மை. மொழிபெயர்ப்பாளரின் இடர் அங்கேதான் தொடங்குகிறது. ஆண்டர்சன் 1843-இல் வெளியிட்ட, அழகற்ற வாத்துக்குஞ்சு பற்றிய கதை இதற்கு நல்ல சோதனைக்களம். டேனிய மொழியில் வாத்துக்கும் ஸ்வானுக்கும் உள்ள சொற்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. குஞ்சு தான் வாத்தே அன்று எனக் கண்டறிவதே கதையின் திருப்பம். வங்கத்தில் ஹான்ஸ், ராஜ்ஹான்ஸ் எனப் பெயர்க்கும்போது குஞ்சு இனம் மாறுவதில்லை. பதவி உயர்வு பெறுகிறது.

வாத்து என்ற சொல்

தமிழில் இன்று பெருவழக்காக உள்ள 'வாத்து' போர்த்துகீசியச் சொல்லான 'பாத்தோ' என்பதிலிருந்து வந்தது எனப் பட்டியல்களில் காண்கிறோம். இது ஒலியியல் நோக்கில் முழுமையாக ஒப்பத்தக்கதன்று. போர்த்துகீசியத்தின் மொழிமுதல் பகரம் தமிழில் பகரமாகவே நிற்பது வழக்கம்: பாதிரி, பீப்பாய், பேனா, பப்பாளி. அவ்வாறாயின் 'பாத்து' என்றே எதிர்பார்க்க வேண்டும். சிங்களத்தில் 'பாத்தயா' என்ற வடிவம் இருப்பது அவ்வெதிர்பார்ப்பை உறுதிப்படுத்துகிறது. தமிழில் வகரம் வந்திருப்பதால், ஒலிப்புடைய பகரத்தோடு தொடங்கும் கன்னட, தெலுங்கு வடிவமாகிய 'பாது' என்பதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். கன்னடத்தின் ஒலிப்புடைப் பகரத்திற்குத் தமிழில் வகரம் நிகராவது ('வாய்' போன்றவற்றில்) நன்கறியப்பட்டது. மறுபுறம், பாரசீக 'பட்' என்பதில் உயிர் குறில். தென்னாட்டு வடிவங்களில் நெடில். நெடிலுக்குப் போர்த்துகீசியமும், முதல் மெய்க்குப் பாரசீக வழியும் விடை தருகின்றன. இரு வழிகளும் தென்னாட்டில் சந்தித்தன என்பதே பொருந்தும் முடிவு. இரண்டும் அடியில் ஒன்றே என்பதும் நோக்கத்தக்கது: இபேரிய மொழிகளின் 'பாத்தோ'வை அங்கு வழங்கிய அரபியிலிருந்து பெற்ற சொல்லாகக் கொள்வோர் உளர். அவ்வாறாயின் ஒரு சொல் நிலவழியாகவும் கடல்வழியாகவும் புறப்பட்டு ஒரே கரையில் கூடியிருக்கிறது.

ஆனால் சொற்பிறப்பைவிட முக்கியமானது பொருள். சிங்களத்தில் 'தாராவா' வாத்து, 'பாத்தயா' பெருந்தாரா. மலையாளத்தில் 'தாறாவு' வாத்து, 'வாத்த' பெருந்தாரா. இரு அண்டை மொழிகளும் ஒரே பிரிவினையைக் காட்டுவதால், புதிதாக வந்த சொல் முதலில் பெரிய பறவைக்கே உரியதாக இருந்து, தமிழ்நாட்டில் மட்டும் பின்னர்ச் சிறிய பறவையின் மேல் இறங்கி, 'தாரா'வை ஓரங்கட்டியது எனத் துணியலாம். இலங்கைத் தமிழில் 'தாரா' இன்றும் உயிருள்ள வீட்டுச்சொல். பழைய நூலொன்றில் வாத்து என வரும் இடத்தில் எந்தப் பறவை என்று முடிவு செய்ய நூலின் காலமும் ஊரும் போதா. அது புல்லை மேய்கிறதா, சேற்றைச் சலிக்கிறதா என்று பார்க்க வேண்டியுள்ளது.

முற்றத்துத் தீனி

பெருந்தாராவின் அலகு ஓரம் அரம்போன்றது. புல்லைக் கடித்து அறுக்க ஏற்றது. அதற்குப் பசும்புல் தரை இருந்தால் பெரும்பாலும் போதும். அது அயலாரைக் கண்டு சீறும், காவலுக்கு உதவும், குறிப்பிட்ட பருவத்தில் சில முட்டைகளே இடும். வாத்தின் அலகு தட்டையானது. உள்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற மெல்லிய தகடுகள் உண்டு. நீரையும் சேற்றையும் வாய்நிறைய வாங்கி, நாவால் அழுத்தி, நீரை ஓரங்களில் வெளியேற்றிச் சிறு உயிர்களையும் விதைகளையும் நிறுத்திக்கொள்ளும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் பற்றிய கவிமரபுக்கும் இதற்கும் தொடர்புண்டோ என எண்ணத் தோன்றும். அதனை வற்புறுத்தச் சான்றில்லை.

அலகின் அமைப்பே பராமரிப்பை விதிக்கிறது. உலர்ந்த மாவுத்தீனி வாத்தின் அலகில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். அது ஒரு வாய் தின்று ஒரு வாய் நீர் குடித்தே விழுங்கும். எனவே தீனியை நீரில் பிசைந்து வைப்பதும், அருகில் தலை முழுதும் அமிழுமளவு ஆழமான நீர்த்தொட்டி வைப்பதும் இன்றியமையாதவை. தலையை அமிழ்த்தி மூக்குத் துளைகளையும் கண்களையும் கழுவிக்கொள்ள இயலாத வாத்துக்குக் கண்ணோய் வரும். நீந்தக் குளம் இல்லாவிடினும் வாத்து வாழும். தலை முழுகும் நீரின்றி நலமாக வாழாது.

வங்க வீடுகளில் இத்தீனிக்குப் பெயர் 'குத்-குன்ரோ'. 'குத்' என்பது நொய்; 'குன்ரோ' என்பது தவிடு. நெல் குத்தும் வீட்டில் மனிதருக்கான அரிசி பிரிந்தபின் எஞ்சுவது இவ்விரண்டுமே. சோறு வடித்த கஞ்சியிலோ அரிசி கழுவிய நீரிலோ பிசைந்து வாத்துக்கு வைப்பார்கள். இவ்விணைமொழி பின்னர் வறியோரின் எளிய உணவைக் குறிக்கும் மரபுத்தொடராயிற்று. விருந்தினரிடம் 'எங்கள் வீட்டுக் குத்-குன்ரோவை உண்ணுங்கள்' என்ற பாங்கில் பணிவாகச் சொல்வதற்கும் அது பயன்படும். 'நொய்யும் தவிடும்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழில் அப்பணிவு வராது. 'கூழோ கஞ்சியோ' என்பது அதற்கு நெருங்கி வரும். ஆயின் அத்தொடர் வாத்துத் தீனியாகவே வரும் இடத்தில் கூழும் கஞ்சியும் பிழையாகும்.

இதற்கு மேல் வேண்டிய புரதம் குளத்திலிருந்து வருகிறது. நத்தைகளுக்கும் சிறு சிப்பிகளுக்கும் வங்கத்தில் 'கேன்ரி-குக்லி' என்று பெயர். சிறுவர்கள் இவற்றைப் பொறுக்கி வந்து நசுக்கி வாத்துக்கு இடுவதுண்டு. முட்டையோட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தும் இதில் கிடைக்கிறது. நீர்மேல் பரவும் பொட்டுப்பொட்டான பச்சைத் தாவரமும் வாத்துக்கு உகந்தது. வங்கர் அதனைச் சிறுமைப் பொருள்பட 'குதிபானா' என்றனர். செருமானியர் 'வாத்தின் நொய்' என்றே பெயரிட்டனர். தொடர்பற்ற இரு மக்கள் ஒரே தாவரத்தை நொய்யின் அளவால் நோக்கியது வியப்பன்று. இருவரும் வாத்தின் வாயருகே நின்று பார்த்திருக்கிறார்கள்.

தமிழில் இரை, தீனி, தீவனம் என்ற மூன்றும் அகராதிகளில் ஒன்றுக்கொன்று பொருளாகத் தரப்படுகின்றன. வழக்கில் அவை ஒன்றல்ல. பறவை தானே தேடிக்கொள்வது இரை. வீட்டார் கையால் இடுவது தீனி. மூட்டையாக விலைக்கு வருவது தீவனம். வங்கத்து வாத்து பகலில் குளத்தில் இரை தேடுகிறது. காலையிலும் மாலையிலும் முற்றத்தில் தீனி தின்கிறது. மொழிபெயர்ப்பில் இரண்டையும் 'தீவனம்' என்று எழுதினால் குடிசை பண்ணையாகிவிடும்.

இரவில் வாத்துகளை அடைத்து வைப்பது நரிக்கும் கீரிக்கும் அஞ்சி மட்டுமன்று. வாத்து பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலை 9 மணிக்குள்ளும் முட்டையிடும். விடிந்ததும் திறந்துவிட்டால் முட்டை குளத்தில் போகும். நன்கு முட்டையிடும் வாத்தினங்கள் அடைகாப்பதில் ஆர்வம் காட்டுவதில்லை. ஆகவே முட்டைகளை அடைக்கோழியின் கீழ் வைப்பது இந்தியா முழுதும் உள்ள வழக்கம். கோழிக்குஞ்சு 21 நாளில் பொரியும். வாத்துக்கு 28 நாள் வேண்டும். கோழி ஒரு வாரம் கூடுதலாக அமர்ந்திருக்கிறது. பொரித்த குஞ்சுகள் குளத்தில் இறங்கியதும் கரையில் அது பதறுவதைப் பல மொழிக் கதைகளும் பாடியிருக்கின்றன. அறிந்த வீட்டார் கோழி பொரித்த குஞ்சுகளை முதல் சில வாரங்கள் ஆழ்நீரில் விடுவதில்லை. இறகு நனைந்து குளிரில் இறக்கும்.

வளர்ப்பு முறை பறவையின் நிலையைக் காட்டும் என்பதற்குப் பழைய சான்று உரோமிலிருந்து கிடைக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கொலுமெல்லா தம் வேளாண் நூலின் எட்டாம் பகுதியில் வாத்தடைப்பு ஒன்றை விவரிக்கிறார். அதற்கு அவர் ஆளும் பெயர் கிரேக்கச் சொல்லான 'நெஸ்ஸோட்ரோஃபியோன்'. வாத்துக்கு உணவூட்டி வளர்க்கும் இடம் என்பது பொருள். சுவர் 15 அடி உயரம், மேலே வலை, நடுவே குளம். தினை வகைகளும் வாற்கோதுமையும் ஓடும் நீரோடு கலந்து சிறு வாய்க்காலில் வரும். கருவாலிக் கொட்டையும் திராட்சைச் சக்கையும் சிறு மீனும் கூட உண்டு. கழுகு உள்ளே வராமலும் பறவை வெளியே பறக்காமலும் இருக்கவே வலை என்கிறார். காட்டு வாத்தின் முட்டைகளைச் சதுப்பிலிருந்து எடுத்து வந்து கோழியின் கீழ் வைக்கச் சொல்கிறார். ஆகவே அவர் 'அனாஸ்' எனக் குறிப்பது இன்னும் முழுமையாக வீட்டுப் பறவையாகாத ஒன்று. அச்சொல்லை வீட்டு வாத்து எனப் பெயர்ப்பவர் அந்த வலையை மறந்தவராவார்.

வெளியூர்ப் பெயர்கள்

வாத்தினங்களின் பெயர்களில் ஊர்ப்பெயர்களை நம்புதல் கூடாது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த, முகத்தில் செந்தசை கொண்ட பெரிய வாத்து ஆங்கிலத்தில் மாஸ்கோ நாட்டினதாகவும், பிரெஞ்சில் வட ஆப்பிரிக்கக் கரையினதாகவும், வங்கத்திலும் அசாமிலும் சீனத்தினதாகவும் வழங்குகிறது. பிரேசில் நாட்டுப் போர்த்துகீசியத்தில் அதுவே 'பாத்தோ'. சாதாரண வாத்துக்கு அங்கு வேறு சொல். இது குரலற்றது, மரமேறி அமர்வது, தானே 35 நாள் அடைகாப்பது. வங்கக் கதையொன்றில் ஹான்ஸ் கூரைமேல் அமர்ந்திருந்தால் எழுதியவர் பிழை செய்தார் என எண்ண வேண்டியதில்லை, அது சீனாஹான்ஸ்.

'இந்திய ஓட்ட வாத்து' என்னும் நிமிர்ந்து நடக்கும் இனம் இந்தியாவினதன்று. சாவகம், பாலி, லொம்போக் தீவுகளினது. லொம்போக்கில் 1856-இல் தங்கிய வாலஸ், இவ்வாத்துகள் அரிசிக் கப்பல் மாலுமிகளால் பாலிப் படைவீரர் என அழைக்கப்பட்டதை 1869-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். இவ்வினத்தின் கலப்பால் இங்கிலாந்தில் ஏறத்தாழ 1900-ஐ ஒட்டித் திருமதி கேம்பல் உருவாக்கியதே காக்கி கேம்பல். மண் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்த நிறப்பெயரும் ஆங்கிலக் குடும்பப் பெயரும் சேர்ந்த அப்பெயரோடு அது இந்தியப் பண்ணைகளுக்கு வந்தது. உள்ளூர்ப் பெயர்கள் இவற்றினும் நேர்மையானவை: குட்டநாட்டின் 'சார', 'செம்பல்லி', வடதமிழகத்து மேய்ச்சல் வாத்துகளில் 'கீரி', 'சன்னியாசி'.

கையேட்டின் காலம்

அரசுப் பண்ணைகளோடு கையேடுகளும் வந்தன. ஆங்கிலத்தில் 'போல்ட்ரி' என்பது கோழி, வாத்து, வான்கோழி அனைத்தையும் அடக்கும் சொல். இந்திய மொழிகளில் அது பெரும்பாலும் கோழியாகச் சுருங்கிற்று. 'கோழிப்பண்ணை', 'கோழித்தீவனம்' என்றே ஆள்கிறோம். இதன் விளைவு சொல்லளவில் நிற்பதன்று. கோழிக்குச் சொன்ன அறிவுரை வாத்துக்கும் சென்றுவிடுகிறது. வாத்துக்குஞ்சின் தீவனத்தில் நியாசின் என்னும் உயிர்ச்சத்து கிலோவுக்கு ஏறத்தாழ 55 மில்லிகிராம் வேண்டும். கறிக்கோழிக் குஞ்சுக்கு 35 போதும். கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டுமே தின்று, குளத்தில் இரை தேடவும் வழியற்று வளரும் வீட்டு வாத்துக்குஞ்சின் கால்கள் வளைந்து, நடக்க இயலாமற் போவதுண்டு. ஈஸ்ட், பட்டாணி, மீன் ஆகியவை அக்குறையை நிரப்பும்.

பிண்ணாக்கின் கதை இதனினும் கடுமையானது. 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் அறியாத நோயால் மடிந்தன, வாத்துக்குஞ்சுகளும் இறந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பிடித்த பூசணமே காரணம் எனக் கண்டனர். அப்பூசணத்தின் இலத்தீன் பெயரிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி 'அஃப்ளடாக்சின்' என்ற சொல் ஆக்கப்பட்டது. அந்நஞ்சின் வலிமையை அளக்க ஒரு நாள் வயதான வாத்துக்குஞ்சையே ஆய்வாளர் பயன்படுத்தினர். அவ்வளவு எளிதில் அதற்கு அது ஆட்படுகிறது. கோழி ஓரளவு தாங்கும் பிண்ணாக்கு வாத்தைக் கொல்லும். எனவே 'போல்ட்ரி' என்பதைக் கோழி எனப் பெயர்த்த கையேட்டில், பிண்ணாக்கு பற்றிய வாக்கியத்தைத் தனியே நிறுத்தி 'வாத்துக்கு ஆகாது' என எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் மிகையன்று, கடமையே. தலை முழுகும் நீர் பற்றிய தொடரும் அத்தகையதே. சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

அழைப்பொலிகள்

கையேடுகளில் இடம் பெறாதது ஒன்று எஞ்சுகிறது. வங்கத்துப் பெண் குளக்கரையில் நின்று வாத்தை அழைக்கும் ஒலி 'ஆய் ஆய், சொய் சொய்' என்பது; சகரம் வல்லெழுத்தாக ஒலிக்கும். முற்பகுதி 'வா வா' எனப் பொருள்படும் வினை. பிற்பகுதிக்கு மொழியில் வேறு வேலையில்லை. கோழியை அழைப்பதற்கு அவள் 'தி தி' என்கிறாள். ஒரு வீட்டில் இரு பறவைக்கும் தீனி ஒன்றாகவே இருக்கலாம், அழைப்பு ஒன்றன்று. இவ்வொலிகள் அகராதிகளில் இடையிடையே தலைகாட்டுகின்றன. எந்தப் பறவைக்கு எந்த ஒலி, எந்த மாவட்டத்தில் எது என்ற ஒழுங்கான தொகுப்பிற்குரிய தரவு இன்னும் வீட்டுப் பெண்களின் வாயிலேயே உள்ளது. முட்டை கடையில் கிடைக்கத் தொடங்கிய வீடுகளில் குளத்தோடு அதுவும் தூர்ந்து வருகிறது.

தமிழாக்கத்தில் இவ்வொலியை என் செய்வது? 'பா பா' என்று எழுதினால் தமிழ் வாசகர் காதில் கோழிக்கூடு திறக்கிறது. விட்டுவிட்டால் அந்திக் காட்சியில் குரல் இல்லை. 'சொய் சொய்' என மூலத்து ஒலியையே தமிழ் எழுத்தில் நிறுத்தி, பறவைகள் கரையேறும் வாக்கியத்தை உடனே தொடரவிடுவதே தக்கது; அடுத்த வரியில் அவள் சட்டியில் பிசைந்து வைத்திருக்கும் தவிடும் நொய்யும் வந்துவிட்டால், ஹான்ஸ் என்பது எது என்று வாசகருக்குத் தனியே குறிப்பு எழுத வேண்டியிராது.